பழைய கணக்கு மென்பொருளிலிருந்து கிளவுடுக்கு: தரவை ஏற்றினால் வேலை முடிந்ததா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர், 8 பிப்ரவரி 2025

எங்களுடையது இரும்புச் சாமான் கடை. பதினான்கு பேர் வேலை செய்கிறோம். 1998இல் வாங்கிய கணக்கு மென்பொருள் ஒரே ஒரு கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் கணினியில் இருப்பது விண்டோஸ் 7. ஆலோசகர் வந்து பார்த்துவிட்டு, ஆறு வாரத்தில் எல்லாவற்றையும் கிளவுடில், அதாவது இணையம் வழியாக ஓடும் சேவையில், ஏற்றித் தருவதாகச் சொல்கிறார். என் மாமா, ‘ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்துகிறாய்?’ என்கிறார். ஆறு வாரம் போதும், தரவை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் உண்டா?

9 பிப்ரவரி 2025

மறுக்கிறேன். டர்பனில் மளிகை, மசாலா, பூசைப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இருபத்திரண்டு பேர். எங்கள் மென்பொருள் 1997இல் வந்தது. வரும் மார்ச் 1ஆம் தேதி நாங்களும் மாறுகிறோம். ஏழு மாதமாக இதே வேலையாக இருக்கிறேன். ஆறு வாரம் என்பது புதிய மென்பொருளை அமைத்துப் பயிற்சி தருவதற்கு ஆகும் காலம். உங்கள் சரக்குப் பட்டியலைத் திருத்த ஆகும் காலம் அந்தக் கணக்கில் இல்லை.

மாமா சொல்வதையும் ஏற்க முடியவில்லை. அந்த வண்டி ஓடவில்லை, உருண்டுகொண்டிருக்கிறது. இந்த மாதிரிப் பழைய மென்பொருள்கள் கணக்கைத் தனித்தனிக் கோப்புகளாக வைத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் கோப்பு பாதியில் நின்றுவிடும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது வாரம் இரண்டு முறையாவது கோப்புகளைச் சீர்செய்துவிட்டுத்தான் காலை வேலையைத் தொடங்கினோம். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டன. எங்கள் மென்பொருள் திறப்பதற்குக் கணினியின் பின்புறம் ஒரு சிறிய டாங்கிள், அதாவது சாவி போன்ற உரிமக் கருவி, செருகியிருக்க வேண்டும். அது கட்டைவிரல் அளவுதான். அது உடைந்தால் இருபத்தெட்டு வருடக் கணக்கும் திறக்காது.

10 பிப்ரவரி 2025

மார்ச் 1 ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் நிதியாண்டு பிப்ரவரி கடைசியில் முடிகிறது. தொடக்க இருப்பை ஒரே நாளில் எடுத்துவிடலாம். இன்னொரு காரணம், பூசைப் பொருள் வியாபாரத்துக்கு உரியது. தைப்பூசம் நாளை. அடுத்த நெரிசல் புனித வெள்ளிக்கு. கரும்புத் தோட்டக் காலத்தில் ஈஸ்டருக்குத்தான் விடுமுறை கிடைத்தது என்பதால், இங்கே மாரியம்மன் திருவிழாவைப் புனித வெள்ளியில் நடத்தும் வழக்கம் மவுண்ட் எட்ஜ்கோம், இசிபிங்கோ போன்ற இடங்களில் நிலைத்துவிட்டது. இரண்டு நெரிசலுக்கும் நடுவே எங்களுக்குக் கிடைப்பது ஒன்பது வாரம்.

உங்கள் கடைக்கு எந்த மாதம் மந்தம் என்று முதலில் பாருங்கள். ஆலோசகரிடம் பிறகு பேசலாம்.

13 பிப்ரவரி 2025

சரக்குப் பட்டியல் பற்றி. பழைய மென்பொருளிலிருந்து எடுத்த பட்டியலில் 6,100 பொருள்கள் இருந்தன. கிடங்கில் உண்மையில் நடமாடுவது 1,900. ஏலக்காய்க்கு மட்டும் ஐந்து பதிவுகள்: தமிழ்ப் பெயரில் ஒன்று, இந்திப் பெயரில் இரண்டு விதமான எழுத்துக்கூட்டலில் இரண்டு, ஆங்கிலப் பெயரில் ஒன்று, ‘பச்சை’ என்று மட்டும் ஒன்று.

எடுத்த பட்டியலை விரிதாளில் திறக்கும்போது மிகவும் கவனமாக இருங்கள். 00417 என்ற பொருள் எண் 417 ஆகிவிடும். தொலைபேசி எண்ணின் முதல் பூச்சியம் போய்விடும். 3-4 என்று எழுதிய அளவு, ஏப்ரல் 3 என்று தேதியாக மாறிவிடும். நான் இரண்டு வாரம் திருத்திய பட்டியலில் பாதியை இதனாலேயே தூக்கிப் போட்டேன். எல்லாப் பத்திகளையும் எழுத்து வகை என்று குறித்த பிறகே உள்ளே கொண்டுவர வேண்டும். இதை எந்த ஆலோசகரும் எனக்குச் சொல்லவில்லை.

வாடிக்கையாளர் பட்டியல் இன்னும் கடினம். இங்கே பிள்ளை என்ற பெயரை ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒய் எழுத்தில் முடிப்பார்கள், இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஐ எழுத்தில் முடிப்பார்கள். 1860இல் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த நாள் முதல், பதிவேட்டில் எழுதியவரின் காதுக்குக் கேட்டபடி அமைந்த பெயர்கள்தாம் பல. எங்கள் பட்டியலில் கோவெண்டர் என்ற குடும்பப் பெயரில் மட்டும் 43 பேர். ஒரே முகவரி உள்ளவர்களை இணைத்துவிட்டேன். வாடிக்கையாளர் எண்களையும் புதிதாக, ஒழுங்காக, ஆறு இலக்கத்தில் கொடுத்துவிட்டேன். பழைய எண்களில் எந்த ஒழுங்கும் இல்லை. நீங்களும் இதைச் செய்யுங்கள்.

23 பிப்ரவரி 2025, இரவு

நேற்று மூன்றாம் நிலை, இன்று விடியற்காலையிலிருந்து நாடு முழுவதும் ஆறாம் நிலை மின்வெட்டு (நிலை ஏற ஏற வெட்டும் கூடும்). ஜனவரி கடைசி வரை பத்து மாதம் மின்வெட்டே இல்லாமல் இருந்து பழகிவிட்டோம். ஞாயிறு என்றாலும் கிடங்கில் இருந்தேன், ஒத்திகைப் பதிவுகளுக்காக. பழைய கணினி படுத்துவிட்டது. மடிக்கணினியில் புதியது ஓடியது, கைபேசி இணையத்தில். உள்ளபடியே நிம்மதியாக இருந்தது.

‘இணையம் போனால்?’ என்று கேட்டவருக்கு: ஃபைபர் ஒன்று, வேறு நிறுவனத்தின் கைபேசி இணையம் ஒன்று, இரண்டுக்கும் ஒரு பேட்டரி. அதற்கும் மேலே, மூன்று பிரதி வரும் கார்பன் பில் புத்தகம். கடலடிக் கேபிள் பற்றிய பயம் நியாயமானதே. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் நான்கு கேபிள்கள் அறுந்தன, மே மாதம் கிழக்குப் பக்கம் ஈஸி, சீகாம் இரண்டும் அறுந்தன. சேவையின் தரவு மையம் எங்கே என்று கேளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2019இலிருந்து ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும், அமேசான் 2020இலிருந்து கேப் டவுனிலும் மையம் வைத்திருக்கிறார்கள். தரவு நாட்டுக்குள் இருந்தால், தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 72ஆம் பிரிவு கேட்கும் வெளிநாட்டு நிபந்தனைகளைப் பற்றிய கவலையும் குறையும்.

2 மார்ச் 2025

மாறிவிட்டோம். வெள்ளி இரவு இருப்பு எண்ணியதை எழுதியே ஆக வேண்டும்.

மிளகாய்த் தூள். 25 கிலோ மூட்டையாக வாங்குகிறோம், அரைக் கிலோ பாக்கெட்டாக விற்கிறோம். பழைய மென்பொருளுக்கு மூட்டையைப் பாக்கெட்டாக மாற்றத் தெரியாது. ஆகவே கணக்கில் 61 மூட்டை இருப்பு, பாக்கெட் இருப்பு மைனஸ் 2,540. கிடங்கில் எண்ணினால் 9 மூட்டையும் 34 பாக்கெட்டும். இந்த மைனஸை எப்படிப் புதியதில் ஏற்றுவது என்று ஆலோசகரும் நானும் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

எங்கள் கணக்குப் பிரிவில் ஒரு அக்கா இருக்கிறார். சாட்ஸ்வர்த்தில் வளர்ந்தவர், வயது 64. 1997இல் அந்த மென்பொருளில் முதல் பில்லைப் போட்டவர் அவர்தான். மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். நீல அட்டை, ஓரமெல்லாம் மஞ்சள் கறை. எந்தத் தேதியில் எத்தனை மூட்டை பிரித்தார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. கடைசிப் பத்தியில் மூட்டைக்குக் கால் கிலோ கழிவு.

அங்கேயே கணக்குப் போட்டோம். 52 மூட்டை பிரித்தது 1,300 கிலோ. பாக்கெட்டாக 2,600 வர வேண்டும். விற்றதும் இருப்பதும் சேர்ந்து 2,574. குறைவது 26 பாக்கெட், அதாவது 13 கிலோ. 52 மூட்டைக்குக் கால் கிலோ வீதம் சரியாக 13 கிலோ. ஒரு பாக்கெட் கூட வித்தியாசமில்லை.

ஆலோசகர் அந்த நோட்டைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார். ‘இது எங்கள் பட்டியலிலேயே இல்லையே’ என்றார். மென்பொருள் வைத்திருந்தது பாதிக் கணக்கை. மீதிப் பாதி அந்த இழுப்பறையில் இருந்தது.

7 மார்ச் 2025

வரி. முதல் வாரமே தவறு நடந்தது, உடனே எழுதுகிறேன், உங்களில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதம். ஆனால் அரிசி, காய்ந்த பீன்ஸ், மைசூர்ப் பருப்பு, தாவர எண்ணெய், மக்காச்சோள மாவு போன்றவற்றுக்குப் பூச்சிய விகிதம். மிளகாய்த் தூளுக்கும் கற்பூரத்துக்கும் முழு வரி. எண்ணெயிலும் ஆலிவ் எண்ணெய்க்கு மட்டும் சலுகை கிடையாது. புதிய மென்பொருளில், வரிக் குறியீடு காலியாக இருக்கும் பொருளுக்குத் தானாகவே 15 விழும்படி அமைத்திருந்தார்கள். பழையதில் காலி என்றால் பூச்சியம். மூன்று நாள் மைசூர்ப் பருப்பை வரியோடு விற்றிருக்கிறோம். 31 பில்லுக்குத் திருத்தச் சீட்டு போட்டோம். ஒவ்வொரு கடைக்காரரையும் நானே தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். பருப்பு விலை ஏறினால் அது யார் வீட்டுச் சமையலில் போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

13 மார்ச் 2025

நேற்று பட்ஜெட். மே 1 முதல் வரி 15.5 என்கிறார்கள். புதிய மென்பொருளில் தேதியைப் போட்டு விகிதத்தைக் கொடுத்தால் போதும். அன்று முதல் அதுவே மாற்றிக்கொள்ளும். 2018 ஏப்ரலில் 14லிருந்து 15 ஆனபோது எங்கள் பில் அச்சில் 14 என்பது எழுத்தாகவே பதிந்திருந்தது. அக்கா ஒன்பது நாள் ஒவ்வொரு பில்லிலும் அதைப் பேனாவால் அடித்து 15 என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஒன்பது நாளை நினைத்தால் இந்த வசதிக்காகவே மாறலாம் என்று தோன்றுகிறது.

17 மார்ச் 2025

இரட்டைப் பதிவு எத்தனை நாள் என்ற கேள்விக்கு. இரண்டு மாதம் பழையதிலும் புதியதிலும் ஒருசேரப் பதிய வேண்டும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. நாங்களும் அப்படித்தான் திட்டமிட்டோம். பதினாறாவது நாள் நிறுத்திவிட்டேன். பகலில் புதியது, மாலையில் பழையது என்று பதிந்த இரண்டு பெண்களும் இரவு எட்டு மணிக்குப் பஸ் பிடித்து டர்பன் புறநகரான பீனிக்ஸுக்குப் போகிறார்கள். களைப்பில் பதிந்த பழைய கணக்கை வைத்துப் புதியதைச் சோதித்து என்ன பயன்? இப்போது தினமும் மூன்று எண்களை மட்டும் ஒப்பிடுகிறோம்: வங்கி இருப்பு, வரவேண்டிய பாக்கி மொத்தம், அன்று வெளியே போன சரக்கின் எடை. மூன்றும் பொருந்தினால் வீட்டுக்குப் போகலாம்.

19 ஏப்ரல் 2025

இதை எழுத நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு கோயில் குழுவின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் நிறுவனத்திலிருந்து அவருக்கு மின்னஞ்சல் போயிருக்கிறது: ‘உங்கள் பாக்கி 30 நாள் கடந்துவிட்டது. ஏழு நாளில் செலுத்தாவிட்டால் சட்ட நடவடிக்கை எடுக்க நேரிடும்.’ புதிய மென்பொருள் தானாக அனுப்பியது. திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கிறது. ஊரே பால்குடத்துக்கும் தீமிதிக்கும் தயாராகிக்கொண்டிருக்கிறது. அவருடைய தகப்பனார் காலத்திலிருந்து எங்களிடம் கற்பூரம் வாங்குகிறவர்கள். அவர் கோபப்படவில்லை. ‘அண்ணா, நாங்கள் என்ன தவறு செய்தோம்?’ என்று மட்டும் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

அக்காவிடம் போய் நின்றேன். அவர் பழைய கணினியில் அந்தக் கோயிலின் கணக்கைத் திறந்து காட்டினார். ‘தம்பி, எண்ணின் கடைசியைப் பாருங்கள். ஒன்பதில் முடிந்தால் கோயில். திருவிழா முடிந்து, உண்டியல் எண்ணி, குழு கூடிய பிறகுதான் பணம் கேட்க வேண்டும். பெரியவர் காலத்து ஏற்பாடு.’ நான்கில் முடிந்தால் ரொக்கம் மட்டும், காசோலை வாங்கக் கூடாது. ஏழில் முடிந்தால் கடையில் பெண் தனியாக இருக்கிறார், சரக்கைப் பகலிலேயே இறக்கிவிட வேண்டும், இருட்டிய பின் வண்டி அனுப்பக் கூடாது.

பிப்ரவரி 13 குறிப்பில் நான் எழுதியதை மேலே போய்ப் படியுங்கள். ‘பழைய எண்களில் எந்த ஒழுங்கும் இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். அது தவறு. எனக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதைத்தான் ஒழுங்கில்லை என்று எழுதியிருக்கிறேன். மென்பொருளில் எழுத இடமில்லாததால் அவர்கள் எண்ணுக்குள்ளேயே எழுதிவைத்தார்கள். அதை நான் ஆறு இலக்கமாகச் சீராக்கி அழித்தேன். ‘நீங்களும் இதைச் செய்யுங்கள்’ என்று உங்களுக்கும் சொன்னேன். தயவுசெய்து செய்யாதீர்கள். பழைய எண்ணைத் தனிப் பத்தியில் அப்படியே வையுங்கள்.

அன்று மாலையே உரிமையாளரும் நானும் கோயிலுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். நேற்று புனித வெள்ளி. தட்டு நிறையக் கற்பூரம் எரிந்ததைப் பார்த்தபோது அந்த மின்னஞ்சலின் வாசகம்தான் நினைவில் ஓடிக்கொண்டிருந்தது.

தானியங்கி நினைவூட்டல்களை எல்லாம் நிறுத்திவிட்டேன். மாறும் நாளில் எந்தத் தானியங்கிக் கடிதமும் ஓடக் கூடாது. ஒவ்வொன்றையும் மனிதர் ஒருவர் படித்த பிறகு திறக்க வேண்டும்.

20 ஏப்ரல் 2025

இணைத்த கோவெண்டர் கணக்குகளையும் அக்காவோடு உட்கார்ந்து பார்த்தோம். ஒரே முகவரி என்று நான் சேர்த்த பதினொரு ஜோடிகளில் நான்கு ஜோடி வேறு வேறு ஆட்கள். அண்ணன் தம்பி ஒரே வளாகத்தில் தனித்தனிக் கடை. ஒரு தகப்பனும் மகனும் பேசிக்கொள்வதே இல்லையாம். மகனுடைய பாக்கி தகப்பனாரின் பட்டியலில் போயிருக்கிறது. பிரித்துவிட்டோம்.

25 ஏப்ரல் 2025

வரி உயர்வைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள், நேற்று அறிவிப்பு வந்தது. 15தான். மே 1க்கு இன்னும் ஆறு நாள். மே மாதத் தேதியிட்டு முன்கூட்டியே போட்ட ஆர்டர்கள் 15.5இல் இருந்தன, விகிதத்தை மாற்றியும் அவை தாமாக மாறவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து சேமிக்க வேண்டியிருந்தது. மார்ச் 13 குறிப்பில் நான் புகழ்ந்த வசதி உண்மைதான், ஆனால் ஏற்கெனவே எழுதிவைத்த ஆர்டர்களுக்கு அது பொருந்தாது.

6 மே 2025

செலவு பற்றிப் பலரும் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆளுக்கு இவ்வளவு, மாதம் இவ்வளவு என்பதுதான் கட்டணமுறை. டாலரிலா ரேண்டிலா என்பதைக் கையெழுத்துக்கு முன் பாருங்கள். ஏப்ரல் இரண்டாம் வாரம் டாலர் 19 ரேண்டைத் தாண்டியபோது டாலரில் ஒப்பந்தம் போட்டவர்கள் தவித்தார்கள். எங்களுடையது ரேண்டில். இன்னொன்று: விலகும்போது எங்கள் தரவை எந்த வடிவில், எத்தனை நாளில் தருவார்கள் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு எழுதவைத்தோம். திரும்பவும் ஒரு டாங்கிளிடம் மாட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

22 ஜூலை 2025

பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் மீண்டும் எழுதியிருக்கிறார். ஆலோசகரை நிறுத்திவைத்திருக்கிறாராம். பழைய வருடங்களை எல்லாம் ஏற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

வேண்டாம். நாங்கள் ஏற்றியது மூன்று: சரக்கு இருப்பு, கடந்த இரண்டு வருடத்தின் மாத மொத்தங்கள், தீராத பில்கள். தீராத பில்களை ஆளுக்கு ஒரு மொத்தமாக ஏற்றக் கூடாது. ஒவ்வொரு பில்லையும் அதன் பழைய தேதியோடு தனியாக ஏற்ற வேண்டும். கடைக்காரர் வந்து ‘ஜனவரி பில்லுக்குத் தருகிறேன்’ என்பார், மொத்தத்தைக் காட்டி அவரிடம் என்ன பேசுவது?

பழையதைப் படிக்கும்படி வைத்திருப்பது சட்டப்படியும் தேவை. வரி ஆவணங்களை ஐந்து வருடம், கம்பெனிச் சட்டப்படி ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும். நாங்கள் ஒவ்வொரு வருடத்துப் பேரேட்டையும் பிடிஎஃப் ஆக்கி இரண்டு இடத்தில் வைத்தோம். இரண்டாவது இடம் வேறு கட்டடத்தில். 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் கிடங்கோடு கணக்கையும் இழந்தவர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறோம்.

உங்கள் கடையில் பில் போடுகிறவர் யார்? எத்தனை வருடமாக? அவர் எந்த நோட்டில் எதை எழுதுகிறார்? ஆலோசகரைக் கூப்பிடும் முன் அவரோடு ஒரு வாரம் உட்காருங்கள். நீங்கள் கேட்டதை அவர் சொல்வார், கேட்காததைச் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றாது. அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள். தயங்கும் இடத்தில் ‘ஏன்?’ என்று கேளுங்கள். மிளகாய் நோட்டும் ஒன்பதாம் எண்ணும் அங்கேதான் இருக்கும். நான் ஏழு மாதம் பட்டியல்களோடு உட்கார்ந்தேன், அக்காவோடு உட்கார்ந்தது மாறிய பிறகு.

16 செப்டம்பர் 2025

நாளை புரட்டாசி. சைவச் சமையலுக்கு மாறும் வீடுகள் எல்லாம் பருப்பும் பீன்ஸும் கேட்கும் மாதம். வெள்ளியிலிருந்து ஆர்டர்கள் குவிகின்றன, இதுவரை புதியது தாங்குகிறது. வரிக் குறியீட்டை மூன்று முறை சரிபார்த்தேன்.

ஒன்பதில் முடியும் கோயில்கள் 42. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதினோம்: எந்தத் திருவிழா, எப்போது கேட்கலாம், யாரிடம் கேட்க வேண்டும். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அவர் ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் வாரம் ஒரு நாள் வருகிறார், சம்பளத்தோடுதான். ஏப்ரலில் நான் மனம் நோகச் செய்த கோயில் மே மாதமே முழுப் பணத்தையும் கட்டிவிட்டது. ஆடி மாதக் கூழுக்கும் எங்களிடமே வாங்கினார்கள்.

31 அட்டைகளைப் புதியதில் ஏற்றியாகிவிட்டது. மீதி 11க்காக அக்கா திங்கட்கிழமை வருகிறார்.